சரிவில் தானாகத் திரும்பிய வண்டி

என் கொழுந்தனின் வலது காலைப் பறித்தவள் நான்.

அந்த இயந்திரம் அல்ல. அதை ஓட்டிய சேவியரும் அல்ல. நான்... சாந்தாமணியாகிய நான்!

நீங்கள் எனக்கு யாரோ. என் முகம் உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் இதைச் சொல்லத் துணிந்தேன். ஒரே கூரைக்குக் கீழே என்னோடு சோறுண்கிற மனிதர்களிடம் சொல்வதற்கு எனக்குத் துணிவில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

குன்னத்தூருக்கு அருகே, தார்ச்சாலையிலிருந்து இறங்கி, இருபுறமும் வேலி நெருக்குகிற இட்டேரி வழியாக உள்ளே வந்தால் எங்கள் தோட்டம். என் கணவர் திருப்பூரில் பனியன் தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் ஒன்றை நடத்துகிறார். விடிந்ததும் போனால் இருட்டித்தான் திரும்புவார். தோட்டம் முழுக்க என் பொறுப்பிலும் அவருடைய தம்பி நல்லசாமியின் பொறுப்பிலும் இருந்தது. நல்லசாமி என்னை ‘நங்கை’ என்றுதான் கூப்பிடுவான். எங்கள் பக்கத்தில் அண்ணிக்கு அதுதான் சொல். அந்தச் சொல்லை அவன் சொல்கிற விதத்தில் ஒரு நம்பிக்கை இருக்கும். இன்றைக்கும் இருக்கிறது... அதுதான் என்னைக் கொல்கிறது!

திருமணத்துக்கு முன்பு நான் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தவள். துணியை வெளிச்சத்தின்மேல் விரித்தால், ஊசி விட்டுப்போன கோடு, எண்ணெய்க் கறை, சாய வேறுபாடு எல்லாம் என் கண்ணுக்கு முதலில் படும். “சாந்தாமணி பாத்துட்டா அப்புறம் யாரும் பாக்க வேண்டாம்” என்று சூப்பர்வைசர் சொல்வார். அந்தப் பேச்சை நான் மறக்கவே இல்லை. மறந்திருக்க வேண்டும்.

எங்கள் தென்னைகளை நோய் அடித்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் குருத்து சாய்ந்து மொட்டையாக நின்றன. அவற்றை வெட்டிச் சாய்த்தாலும் அடிக்கட்டையைப் பிடுங்க வேண்டுமே! பண்ணைக் குட்டையும் வண்டல் ஏறிக் கிடந்தது. மேலே செம்மண், அதைத் தோண்டினால் கீழே கல்லைப் போல் இறுகிய சுக்கான். கடப்பாரை அதில் பட்டால் எகிறும். வாடகைக்குப் பொக்லைன் சொன்னால் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்பார்கள். மழை வந்து போனபிறகு வந்து நிற்பார்கள். ஆகவே சொந்தமாகவே ஒன்று வாங்கிவிடுவது, நம் வேலை போக அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கு வாடகைக்கு விடுவது என்று வீட்டில் முடிவானது.

எந்த வண்டி? அங்கேதான் பேச்சு முட்டிக்கொண்டது.

நல்லசாமி சின்ன வண்டி போதும் என்றான். கணவரின் நண்பர் ஒருவர், வாங்குவது வாங்குகிறீர்கள், பெரியதாகவே வாங்குங்கள் என்றார். நான் இரண்டும் வேண்டாம் என்றேன். சின்ன வண்டி சுக்கானைச் சுரண்டும், உடைக்காது. தென்னங்கட்டையைப் பிடித்து இழுத்தால் கட்டை அசையாது, வண்டிதான் தூக்கிக்கொள்ளும். பெரிய வண்டியோ எங்கள் இட்டேரிக்குள் நுழையாது, வாய்க்கால் பாலம் தாங்காது. அது ஊர்ந்து போன இடமெல்லாம் மண் இறுகிப்போய் வேர் இறங்காது. டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஊர்கிற நடுத்தர வண்டி ஒன்றுதான் நமக்குத் தோது என்று அடித்துச் சொன்னேன்.

சும்மா சொல்லவில்லை. வேலை நடக்கிற தோட்டங்களுக்கெல்லாம் போய் வரப்பில் நின்று பார்த்தேன். ஆபரேட்டர்களிடம் வாய்விட்டுக் கேட்டேன். செயினில் எங்கே தேய்மானம் பார்க்க வேண்டும், மண் அள்ளும் கை மடங்குகிற மூட்டுகளில் ஆட்டம் இருந்தால் எப்படித் தெரியும், புகை எந்த நிறத்தில் வந்தால் எஞ்சினுக்கு ஆயுள் குறைவு... எல்லாம் கற்றுக்கொண்டேன். உறவுக்காரர்கள் சிரித்தார்கள்.

“பனியன் பாத்த கண்ணுக்குப் பொக்லைன் தெரியுமாக்கும்!” என்றார் கணவரின் பெரியப்பா மகன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

அந்த எரிச்சல்தான்... அதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று இப்போது தோன்றுகிறது. இல்லை, இதுவும் ஒரு சாக்கோ? எரிச்சல் யாருக்குத்தான் இல்லை? எல்லோருமா என்னைப்போல் செய்கிறார்கள்?

சோமனூர் பக்கம் நடுத்தர அளவிலே பழைய வண்டி ஒன்று விலைக்கு வந்தது. நல்லசாமிக்கு அது பிடித்துப்போயிற்று. புதுப் பெயிண்ட் பளபளத்தது. நான் அந்தப் பெயிண்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். வண்டிக் கையின் அடிப்பக்கம் வெல்டிங் தழும்பு தட்டுப்பட்டது. உடைந்து ஒட்டவைத்த கை! அதை அத்தனை பேர் முன்னால் சுட்டிக்காட்டினேன். விற்க வந்தவர் முகம் கறுத்தது. நல்லசாமியின் முகமும் வாடியது. ஆனால் மறுநாள் ஊரெல்லாம் என் கண்ணைப் பற்றித்தான் பேச்சு! நான் மிதந்தேன்.

பிறகு நானே விசாரித்து வெள்ளகோவில் பக்கத்து யார்டு ஒன்றில் இந்த வண்டியைக் கண்டுபிடித்தேன். பெயிண்ட் மங்கியிருந்தது, ஆனால் எதையும் மறைக்கவில்லை. செயினில் தேய்மானம் குறைவு. மூட்டுகள் இறுக்கமாக இருந்தன. புகை மெலிதாக, சுத்தமாக வந்தது. இதுதான், இதுதான் என்று மனம் துள்ளியது. நல்லசாமியும் புரோக்கரும் உடன் வந்திருந்தார்கள்.

லாரியில் வண்டிகளை ஏற்றுவதற்காக அந்த யார்டில் ஒரு மண்மேடு இருந்தது. “அதுல ஏத்திக் காட்டுங்க” என்றேன். யார்டு ஆள் ஏற்றிக் காட்டினார். திணறாமல் ஏறியது. சரிவின் பாதியில், கையை ஒருபக்கமாக நீட்டியபடி நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டே இறங்கி வந்தார். எல்லோரும் வேப்பமரத்தடிக்கு டீ குடிக்கப் போனார்கள். நான் மட்டும் வண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கண்டேன்.

கையின் முனையிலிருந்த பக்கெட்டின் நிழல் ஒரு கல்லின்மேல் விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அந்தக் கல் வெயிலுக்கு வந்தது! நிழல் பக்கத்துக் கல்லுக்கு நகர்ந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கேபினில் ஆள் இல்லை. வண்டியின் மேல்பாகம் தானாக... மிக மெல்ல... எவரோ தூக்கத்தில் புரள்வதுபோல், பள்ளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

உங்களுக்கு விளங்கச் சொல்கிறேன். இந்த வண்டியின் அடிப்பாகம் செயின்மேல் நிற்கும். கேபினும் கையும் உள்ள மேல்பாகம் அதன்மேல் சுழலும். நிறுத்தியதும் அதைப் பிடித்து வைக்க உள்ளே ஒரு பிரேக் உண்டு. அது தேய்ந்துபோனால், சமதரையில் ஒன்றும் தெரியாது. சரிவில் நின்றால்தான் கை தன் கனத்தாலேயே பள்ளத்தை நோக்கித் திரும்பும். லிவர்கள் வேலை செய்யாதபடி ஆபரேட்டர் பூட்டைப் போட்டிருந்தாலும் திரும்பும். இதை ஓர் ஆபரேட்டர் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

டீ குடித்துவிட்டு வந்த புரோக்கரிடம், யாருக்கும் கேட்காத குரலில், “சரிவுல நிறுத்துனா மேல்பாகம் நிக்குமுங்களா?” என்று கேட்டேன்.

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. “அதெல்லாம் நிக்குமுங்க. தோட்ட வேலைக்கு எங்கீங்க சரிவு வரப்போகுது?” என்றார்.

அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

நல்லசாமி வந்து பக்கத்தில் நின்றான். “பாத்துட்டீங்களா நங்கை? எல்லாஞ் சரியா இருக்குதுங்களா?”

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். ‘பிரேக் தேய்ஞ்சிருக்குது தம்பி, மாத்திக் குடுத்தா வாங்கலாம்’ என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? ஆனால் அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் முகத்தில் வரப்போகிற சிரிப்பு. ‘நீங்க பாத்த வண்டியும் ஓட்டைதானுங்களா?’ என்கிற சிரிப்பு. சோமனூர் வண்டியை நான் கழித்தபோது வாடிய முகம் இப்போது மலரும். பெரியப்பா மகனின் சிரிப்பு அதற்குப் பின்னால் வரும்...

“பாத்துட்டேன் தம்பி. சுத்தமா இருக்குது” என்றேன்.

இவ்வளவுதான். ஒருவன் கால் போவதற்கு இவ்வளவு போதுமாயிருந்தது!

வண்டி வந்தது. பூசை போட்டு, சக்கரத்துக்கு வைப்பதுபோல் செயினுக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். சீக்கிரமே யாருக்கும் தெரியாமல் பிரேக்கை மாற்றிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். உண்மையாகவே நினைத்திருந்தேன். ஆனால் எப்படிச் சொல்லி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புவது? ‘வாங்கி வந்த வண்டிக்கு அதற்குள் என்ன வேலை?’ என்று கேட்பார்களே! இந்த வாரம், அடுத்த வாரம், இந்தக் காட்டு வேலை முடியட்டும்... நாள் ஓடியது.

ஓட்டுவதற்குச் சேவியர் வந்து சேர்ந்தான். சாத்தான்குளம் பக்கத்துக்காரன். பனியன் வேலைக்கென்று மனைவியோடு திருப்பூர் வந்தவன், மனைவி தையலுக்குப் போக, இவன் தனக்குத் தெரிந்த இந்தத் தொழிலுக்குத் திரும்பியிருந்தான். கை சுத்தம் என்பார்களே, அப்படி ஓட்டுவான். பாக்குக் கன்றின் இலை கிழியாமல் பக்கத்தில் கால்வாய் வெட்டுவான். கேபினில் ஏறுமுன் ஒரு சிலுவை போட்டுக்கொள்வான்.

முதல் நாளே அவனிடம் சொன்னேன். “சரிவுல மட்டும் வண்டிய ஏத்தாத சேவியர். கரைமேல வேண்டாம். சமமான எடத்துல மட்டும் ஓட்டு.”

“ஏன்க்கா, மேட்டுல ஏத்துனா வண்டி கடிச்சிருமா?” என்று சிரித்தான்.

“சொன்னாக் கேளு.”

கேட்டான். ஒருமுறைகூட மீறவில்லை. நான்தான் அமைதியாக இருக்க முடியாமல் தவித்தேன். வாடகைக்குப் போகிற தோட்டம் மேடா பள்ளமா என்று முதலில் விசாரிப்பேன். வண்டியின் உறுமல் தொலைவில் கேட்டால் காது தானாக அங்கே போகும். உறுமல் நின்றுவிட்டால்? அது இன்னும் பயம்! ஏன் நின்றது, யாருக்கு என்ன ஆயிற்று என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒருநாள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தவள், சத்தம் நின்றதும் கீரையைப் போட்டுவிட்டு ஓடினேன். சேவியர் வேப்பநிழலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான். “என்னக்கா இப்படி மூச்சு வாங்குது?” என்றான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வந்தேன் என்றேன்.

இவ்வளவு பயந்தவள் ஏன் சரிசெய்யவில்லை? கேளுங்கள். நானும் கேட்கிறேன். பயத்தை வைத்துக்கொண்டே வாழப் பழகிவிட்டேன், அதனால்தான் என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

அன்று உறவில் ஒரு வளைகாப்பு. நான் காலையிலேயே போய்விட்டேன்.

குட்டைக் கரையில், மோட்டார் ரூம் பக்கத்தில், ஒரு தென்னங்கட்டை மட்டும் மிச்சம் இருந்தது. கரைச்சரிவு என்பதால் நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். மழை கறுத்துக்கொண்டு வந்ததால், நல்லசாமி அதை அன்றே முடித்துவிட நினைத்திருக்கிறான்.

“அக்கா கரையில ஏத்தக்கூடாதுன்னு சொல்லிருக்காங்கண்ணே” என்று சேவியர் சொன்னானாம்.

“நங்கைக்கு எல்லாத்துக்கும் பயம். ஒரு கட்டைதான... வாடா, நானிருக்கறேன்” என்றானாம் நல்லசாமி.

கட்டையில் சங்கிலி கட்டி இழுத்தார்கள். பாதி பிடுங்கி வந்தது. சங்கிலி நழுவத் தொடங்கியதால் மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. சேவியர் கையை மேட்டுப்பக்கம் நிறுத்தி, பூட்டைப் போட்டான். நல்லசாமி பக்கெட்டுக்கும் மோட்டார் ரூம் சுவருக்கும் நடுவே குனிந்தான். கட்டையின் கனம் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது...

மெல்லத்தான் திரும்பியிருக்கும். நான் அன்று யார்டில் பார்த்தது போலத்தான். ஆனால் கனம் இருந்ததால் பிறகு வேகம் கூடியிருக்கும். குனிந்திருந்தவனுக்குத் தெரியவில்லை. சுவரோடு சேர்த்து அவன் தொடையை அது அழுத்தியது. அலறல் கேட்டுச் சேவியர் பதறிப் பூட்டை எடுத்து, லிவரை இழுத்துக் கையை விலக்கினான். அதற்குள்...

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு நான் பட்டுப்புடவையோடு போய்ச் சேர்ந்தேன். தலையில் வளைகாப்பு வீட்டில் வைத்த மல்லிகை. காலை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். ஒரு மூலையில் சேவியரைச் சுற்றி எங்கள் ஆட்கள் நின்றார்கள். அவன் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. என்னைப் பார்த்ததும் கைகூப்பினான்.

“நான் தொடலக்கா! லாக் போட்டுட்டுக் கைய எடுத்துட்டேன். அது தானா வந்துச்சுக்கா... தானா!”

தானா.

அந்தச் சொல் என் காதில் விழுந்ததும் வராந்தா முழுக்க இருண்டதுபோல் இருந்தது. என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். வண்டியைப் பற்றித் தெரிந்தவள் நான்தானே!

“வண்டி தானாத் திரும்புமா சாந்தா?” என்று கேட்டார் கணவர். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சேவியர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“திரும்பாதுங்க” என்றேன்.

யாரோ அவனை மீண்டும் அடித்தார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். தலையிலிருந்த பூவைப் பிய்த்து எறிந்தேன். துக்கத்தில் செய்கிறாள் என்று ஒரு பெண் வந்து என்னை அணைத்துக்கொண்டாள்.

நல்லசாமி ஆஸ்பத்திரியில் இருந்தபோதே வண்டியை லாரியில் ஏற்றி, எங்களை அறியாத ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன். கண்ணில் பட்டால் எல்லோருக்கும் வேதனையாக இருக்கிறது, கொஞ்ச நாள் சர்வீசில் கிடக்கட்டும் என்று வீட்டில் சொன்னேன். அதையும் என் நல்ல மனசு என்றார்கள்! மெக்கானிக் பிரேக்கைப் பிரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். தேய்ந்து தகடான தட்டுகளைக் கையில் வைத்திருந்தார்.

“இதை வெச்சுட்டா இத்தனை நாள் ஓட்டுனீங்க? யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே?”

“இல்லீங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலை.”

புதிய தட்டுகள் போட்டார். ஆயிலும் மாற்றினார். வண்டி திரும்பி வந்தது. இனி அது எந்தச் சரிவிலும் சிலையாக நிற்கும். சேவியரின் ஒரே சாட்சியை நான் அழித்துவிட்டேன். அன்று அப்படி எண்ணிச் செய்தேனா? இல்லை, இன்னொருவருக்கு ஆபத்து வரக்கூடாது என்றுதான் செய்தேன் என்று என்னிடமே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். என் மனம் அதை ஏற்பதில்லை.

நல்லசாமிக்குப் பேசி முடிக்கிற கட்டத்தில் ஒரு பெண் இருந்தாள். அந்தப் பேச்சு சத்தமில்லாமல் நின்றுபோனது. விசுவிசுவென்று நடந்தவன் இப்போது செயற்கைக் கால் பொருத்தி, உடம்பை ஒருபக்கம் சாய்த்துச் சாய்த்து நடக்கிறான். வாடகை கேட்டு வருகிற போன்களையெல்லாம் அவன்தான் பேசுகிறான்.

அவன் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. குறையா? அவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வது என்ன தெரியுமா?

“நங்கை அன்னைக்கே சொன்னாங்க, சரிவுல ஏத்தாதீங்கன்னு. நாந்தான் கேக்கலைங்க. அவங்க பேச்சைக் கேட்டிருந்தா கால் இருந்திருக்கும்.”

என் பயம் ஊருக்குள் அறிவாகிவிட்டது! என் குற்றத்தின் அடையாளம் என் பெருமையாகிவிட்டது! இன்று வண்டி வாங்குகிறவர்கள் காரை அனுப்பி என்னைக் கூட்டிப் போகிறார்கள். அன்று சிரித்த பெரியப்பா மகனும் வந்து கூப்பிட்டார். நான் போகிறேன். ஒவ்வொரு வண்டியையும் மேட்டில் நிறுத்தச் சொல்லி, நிழலைப் பார்த்தபடி நிற்கிறேன். எவ்வளவு பொறுமை என்று வியக்கிறார்கள்.

அண்மையில் கணவரின் யூனிட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்துக் கட்டடத்தில் துணி உருளைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவன் என்னைக் கண்டதும் உருளையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தான். சேவியர்! முடி நரைத்துவிட்டது. தோள் இறங்கிவிட்டது. அதன்பிறகு எந்த வண்டியையும் அவன் தொடவில்லையாம்.

நான் பின்வாங்கினேன். எல்லாம் தெரிந்துவிட்டதோ! மெக்கானிக்கைச் சந்தித்திருப்பானோ!

அவன் அழுதான்.

“யக்கா, என்னைய மன்னிச்சிருங்க. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். இத்தனை நாளா யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். வண்டி எப்படிக்கா தானாத் திரும்பும்? நீங்களே திரும்பாதுன்னு சொன்னீங்கள்லா... நான்தான் லாக் போட்டுருக்க மாட்டேன். என் முழங்கை பட்டுருக்கும். நான்தாங்க்கா.”

நான் சொன்ன ஒற்றைச் சொல், அவன் கண்ணால் கண்டதையே அவனுக்குள் அழித்துவிட்டிருந்தது.

இங்கேயாவது சொல்லியிருக்க வேண்டாமா? சாலையில் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. இரண்டு சொல் போதும்...

“நான் மன்னிச்சுட்டேன் சேவியர். விடு” என்றேன்.

ஆம்! மன்னித்தேன்! நான்... அவனை! அவன் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அண்ணனையும் ஒருதடவ பாத்துக் கேட்டுட்டா எனக்குப் போதும்க்கா” என்றான். இப்போது வேண்டாம் என்றேன். தலையாட்டினான்.

ஆனாலும் வந்துவிட்டான். ஒரு ஞாயிறன்று, மாதா கோயில் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு. நான் உள்ளிருந்து வந்தபோது அவன் நல்லசாமியின் முன்னால் நின்று, பூட்டைப் போடாதது தான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நல்லசாமி அவனை வினோதமாகப் பார்த்தான்.

“என்னடா ஒளர்ற? நீ லாக் போட்டதை நான் பாத்தனே. சிவப்பு லிவரைத் தூக்கிட்டு, ரெண்டு கையையும் எனக்குக் காட்டுன. அதைப் பாத்துட்டுத்தான்டா நான் குனிஞ்சேன். அப்புறம் நீதான் என்னமோ தொட்டுட்டயாட்ட இருக்குதுன்னு இத்தனை நாளா நெனச்சுட்டிருக்கறேன்.”

சேவியர் விழித்தான். நல்லசாமி என் பக்கம் திரும்பினான்.

“அப்பறம் எப்படீங்க நங்கை திரும்பியிருக்கும்?”

பதிலுக்குக் காத்திராமல் தாங்குகோலைப் பிடித்து எழுந்தான். “வண்டி இங்கதான நிக்குது. ஏத்திப் பாத்துட்டாப் போச்சு” என்றான்.

அதே கரை. அதே மோட்டார் ரூம். சேவியர் ஏற மறுத்தான். நல்லசாமிதான் அவன் தோளைத் தட்டி ஏற்றினான். பக்கெட் நிறைய மண் அள்ளி, கையை மேட்டுப்பக்கம் நிறுத்தி, பூட்டு லிவரைத் தூக்கி, இரண்டு கைகளையும் வெளியே நீட்டினான் சேவியர்.

நல்லசாமி என்னிடம் கேட்டான். “நடுவுல ஏதாச்சும் வேலை பாத்தமுங்களா நங்கை? நான் ஆஸ்பத்திரியில இருக்கறப்ப?”

அதைவிட நேரான கேள்வி இருக்க முடியாது.

“ஆயில் மாத்துனதுதான் தம்பி.”

மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். திரும்பு... திரும்பு... என்று நான் உள்ளுக்குள் கதறினேன். வாழ்வில் எந்தக் கடவுளிடமும் அப்படி மன்றாடியதில்லை. என் வாயால் சொல்ல முடியாததை அந்த இரும்பு சொல்லிவிடக் கூடாதா? ஒரு விரற்கடை அசைந்தால் போதுமே!

அசையவில்லை. நான் போட்ட புதிய தட்டுகள் அதை இறுகப் பிடித்திருந்தன.

சேவியர் எஞ்சினை அணைத்தான். மெல்ல இறங்கி வந்து, தரையைப் பார்த்தபடி நின்றான். “பாத்தீங்களாண்ணே... நான்தான்” என்றான். இம்முறை அவன் அழவில்லை. ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகிவிட்டதல்லவா!

நல்லசாமி அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். “விடுடா. நடந்தது நடந்துபோச்சு. சாப்புட்டுட்டுப் போ.”

அவனைச் சாப்பிட வைத்தோம். நான்தான் பரிமாறினேன். சாதம் போதும் என்று இலையைக் கையால் மறித்தபோது, நிமிர்ந்து என்னைப் பார்த்து, “நல்லா இருப்பீங்கக்கா” என்றான்.

அவன் போன பிறகு நல்லசாமி கரைப்பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். திறந்தேன், சத்தியம்!

“என்னமோ சொல்ல வந்தீங்களே நங்கை?” என்றான்.

“ஒண்ணுமில்ல தம்பி... வெயில் ஏறிடுச்சு. உள்ள வாங்க” என்றேன்.

அவன் என் தோளைப் பற்றிக்கொண்டு எழுந்தான். அவன் உடம்பின் கனம் முழுக்க என்மேல் சாய்ந்திருந்தது. படி வரைக்கும் அப்படியே நடந்தோம்.